அந்த மிருகங்களை எப்படி வரைந்தார்கள் என்றும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியப் பள்ளிக்குப் போகாமல் தாமாகவே கற்றுக்கொண்டு, மாய மிருகங்களையும் வண்ணக் காடுகளையும் வரைந்தவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. உக்ரைன் ஓவியர் மரியா பிரிமாச்சென்கோவின் பெயரை ஒரு தமிழ் நாளிதழில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் படித்து முடித்ததும் மனம் ஆறவில்லை. நீண்ட கடிதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை மரியாவைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: எளிய கிராமத்துக் குடும்பம், சிறு வயதில் இளம்பிள்ளை வாதம், இரண்டாம் உலகப் போரில் துணைவரை இழந்தது, அந்தத் துயரத்திலிருந்து 'ஊற்றெடுத்த' ஓவியங்கள். இதில் துயரம் முழுக்க உண்மை. ஆனால் அவர் என்ன வரைந்தார், எதில் வரைந்தார், எதைக்கொண்டு வரைந்தார் என்று ஒரு வரியும் இல்லை. மற்றவர்களைப் பற்றிய பத்திகளும் அப்படியே. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு அநாதை வாழ்க்கை, இன்னொருவருக்கு அகால மரணம். எல்லாருக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது, யாருக்கும் கை இல்லை. கூடவே அச்சான ஒரே படம் தபால்தலையை விடக் கொஞ்சம் பெரியது, அதுவும் கறுப்பு வெள்ளையில்.

நான் தையல் வேலை செய்பவள். பகலில் மெஷின், இரவில் தூரிகை. எனக்கும் ஓவியத்தில் ஆசிரியர் கிடையாது. நான் வரைவதும் இல்லாத பிராணிகளைத்தான்: மீன் செதிலுள்ள குதிரை, தோகைக்குப் பதில் வேர் விரிக்கும் மயில், வயிற்றுக்குள் ஒரு தோட்டத்தையே வைத்திருக்கும் தவளை. எனவே இந்தக் கட்டுரையை ஒரு வாசகியாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை. எங்கள் வேலையைப் பற்றி எழுதும்போது வேலையையே விட்டுவிட்டார்களே என்ற ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது.

மரியாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் எப்படிக் கற்றார் என்பது மறைவான விஷயமே இல்லை. 1909-இல் உக்ரைனில், கீவ் வட்டாரத்தில், பொலோட்னியா என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா தச்சர், அம்மா எம்பிராய்டரி செய்பவர். அம்மாவிடமிருந்து ஊசியும் நூலும் கைக்கு வந்துவிட்டன. சிறுமியாக வாத்து மேய்க்கப் போன இடத்தில், ஆற்றங்கரை மணலில் குச்சியால் பூக்களை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்த பூக்களோடு பார்க்காத பூக்களையும் சேர்த்து வரைந்தாராம். பிறகு மண்ணிலிருந்து கிடைத்த நிறத்தைக்கொண்டு வீட்டுச் சுவரில் வரைந்தார். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுச் சுவருக்கும் கேட்டார்கள். 1936-இல் கீவ் நகரத்தில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்காக நடந்த பட்டறைக்கு அழைக்கப்பட்டார். அங்கே எம்பிராய்டரியும் செய்தார், மட்பாண்டங்களின் மேலும் வரைந்தார், தாளிலும் வரைந்தார். அடுத்த ஆண்டே, 1937-இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றுப் பதக்கம் வாங்கின.

இப்போது சொல்லுங்கள், இதில் எங்கே ஊற்று? தாயிடம் ஊசி, மணலில் குச்சி, சுவரில் மண் நிறம், பட்டறையில் மற்ற கைவினைஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை. பரீட்சை, சான்றிதழ் எதுவும் இல்லை என்பது சரி. பயிற்சி இல்லை என்பது சரியில்லை.

எம்பிராய்டரி தெரிந்தவர்கள் அவருடைய படத்தைப் பார்த்தால் உடனே பிடித்துவிடுவார்கள். மிருகத்தின் உடம்பு முதலில் ஒரே வெட்டாக, தெளிவான ஓரத்தோடு நிற்கும். அந்த ஓரத்துக்குள்தான் புள்ளி, கோடு, இதழ், அலை எல்லாம் அடுக்கடுக்காக நிறையும். ஒரு துணியில் வெளிக்கோட்டைப் போட்டுவிட்டு உள்ளே தையலால் நிரப்புகிறோமே, அதே வரிசை. சங்கிலித் தையல் போகும் இடத்தில் சின்னப் புள்ளிகள், நிரப்புத் தையல் வரும் இடத்தில் தட்டையான நிறம். உடம்பு பக்கவாட்டில் நடக்கும், முகமோ பெரும்பாலும் நம் பக்கம் திரும்பி நேராகப் பார்க்கும். கண்கள் மனிதக் கண்களைப் போல, இமை முடியோடு இருக்கும். பயங்கரமான பல்லும் நாக்கும் உள்ள மிருகம்கூட அந்தக் கண்ணால் நம்மிடம் ஏதோ கேட்கிறது. நான் முதலில் அவருடைய படத்தைப் பார்த்தபோது மணிக்கணக்கில் விட்டு வர மனமில்லாமல் இருந்ததற்கு அந்தக் கண்தான் காரணம்.

1930களில் அவர் பெரும்பாலும் வெள்ளைத் தாளையே பின்னணியாக விட்டுவிடுவார். போருக்குப் பிறகு கிராமத்துக்குத் திரும்பி, 1960களில் மறுபடி முழுமூச்சாக வரையத் தொடங்கியபோது குவாஷ் வண்ணத்தைக் கையில் எடுக்கிறார், பின்னணி முழுவதும் அடர்ந்த நிறத்தால் நிறைகிறது. இந்த மாற்றம் சின்ன விஷயமில்லை. இதை ஒரு வரி எழுதியிருந்தால் ஓவியம் பழகுகிற எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்!

ஏனென்றால் குவாஷ் என்பது நீர்வண்ணம்தான், ஆனால் ஒளி ஊடுருவாத நீர்வண்ணம். சாதாரண நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளைதான் வெளிச்சம், ஒருமுறை மூடிவிட்டால் திரும்ப வராது. குவாஷில் கருநீலத்தின் மேல் மஞ்சள் புள்ளி வைக்கலாம், அது மஞ்சளாகவே நிற்கும். இருட்டைப் பூசிவிட்டு அதன் மேல் வெளிச்சத்தைக் கொண்டு வரலாம் என்ற வசதி கிடைத்ததும் மிருகத்தின் உடம்பே மாறிவிடுகிறது. அதேசமயம் இந்த வண்ணம் சுலபமாக வசப்படாது. ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம்: அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும், வெளிர் நிறங்கள் கொஞ்சம் கறுக்கும். மேலே ஈரத் தூரிகை வைத்து இரண்டு தடவை தேய்த்தால் கீழே இருக்கும் நிறம் கரைந்து கலங்கிவிடும். தடிமனாகப் பூசினால் காய்ந்து வெடிக்கும். ஒரு புள்ளியை ஒரே தொடுகையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். மரியாவின் ஒரு படத்தில் அப்படிப்பட்ட தொடுகைகள் எண்ணிலடங்காதவை. அத்தனையும் அழுக்காகாமல் சுத்தமாக நிற்கின்றன. 'துயரத்தில் ஊற்றெடுத்தது' என்ற சொல்லால் இந்தக் கையை மறைக்கலாமா?

உங்கள் கட்டுரையின் இரண்டாம் பத்தி மெக்சிகோவின் பெத்ரோ லினாரெஸைப் பற்றியது. 1936-இல் கடும் காய்ச்சலில் கிடந்தார், கனவில் ஒரு காட்டைக் கண்டார், அங்கே இறக்கை முளைத்த கழுதை, காளைக் கொம்புள்ள சேவல், கழுகுத் தலைச் சிங்கம் எல்லாம் 'அலெப்ரிஹெஸ்' என்று கத்தின, விழித்தெழுந்ததும் அவற்றைச் செய்தார். இந்தக் கதை உலகம் முழுக்கப் பிரபலம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கட்டுரை 'விழித்தெழுந்ததும் செய்தார்' என்று தாண்டிவிட்டது. எப்படிச் செய்தார்? காய்ச்சல் வருவதற்கு முன்பே அவர் காகிதக்கூழ்க் கைவினைஞர். முகமூடிகளும், பண்டிகைக்கு உடைக்கும் பொம்மைகளும், ஈஸ்டர் சமயத்தில் எரிக்கும் யூதாஸ் உருவங்களும் செய்து பிழைத்தவர். நாணலாலோ கம்பியாலோ சட்டம் கட்டுவது, மாவுப் பசையில் தோய்த்த காகிதத்தை ஏடு ஏடாக ஒட்டுவது, காயவிடுவது, வெள்ளை அடிப்பது, அதன்மேல் நிறம் போடுவது. இத்தனையும் அவர் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. அதே கனவு எனக்கு வந்திருந்தால் நான் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அவருக்கு வந்ததால் கொம்பும் இறக்கையும் நிற்கும்படி சட்டம் கட்டத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவர் ஒருவரோடு அது நின்றுவிடவில்லை. அவருடைய பிள்ளைகளும் பேரன்களும் அதே கைவினையைத் தொடர்ந்தார்கள். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், அர்ராசோலா என்ற ஊரில் மனுவேல் ஹிமேனெஸ் என்பவர் கோபல் மரத்தில் மிருகங்களைச் செதுக்கி ஒரு பெரும் மரபையே தொடங்கி வைத்தார். இன்று அந்த மர உருவங்களையும் அலெப்ரிஹெஸ் என்றே அழைக்கிறார்கள். ஒருவர் கண்ட கனவு எத்தனையோ குடும்பங்களுக்குத் தொழிலாக முடிந்தது என்றால், அதில் கற்பிக்கக்கூடிய ஏதோ இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? லினாரெஸ் 1992-இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அவர் நாட்டு அரசு கலைக்கான தேசியப் பரிசை அவருக்குக் கொடுத்தது. அது கனவுக்குக் கொடுத்த பரிசு என்று நான் நம்பவில்லை.

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூசோவைப் பற்றியும் இப்படித்தான் ஒரு கதை சுற்றியது. பாரிஸ் நகரச் சுங்கச்சாவடியில் வேலை பார்த்தவர், காடுகளை அப்படி வரைகிறாரே, இளமையில் ராணுவத்தோடு மெக்சிகோ போயிருப்பார் என்று சொன்னார்கள். அவர் பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. பாரிஸின் தாவரவியல் பூங்காவுக்குப் போய்க் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த வெப்பநாட்டுச் செடிகளைப் பார்த்தார், பாடம் செய்து வைத்த மிருகங்களைப் பார்த்தார், மிருகப் படப் புத்தகங்களைப் பார்த்தார். 1891-இல் அவர் வரைந்த புயல் மழைப் புலி இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் மழை எப்படிப் பெய்கிறது என்று பாருங்கள்: படம் முழுவதும் சாய்வாக, மெல்லிய, ஊடுருவும் சாம்பல் நிறக் கோடுகள். இலை, புலி, மின்னல் எல்லாவற்றின் மேலும் அந்தக் கோடுகள் ஓடுகின்றன. அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி. சுங்கச்சாவடியைப் பற்றி எழுதியவர்கள் அந்தக் கோடுகளைப் பற்றி எழுதியிருக்கலாம்.

தாகூரை நீங்கள் சேர்க்கவே இல்லை, அது எனக்கு வியப்பாக இருந்தது. அறுபது வயதைக் கடந்த பிறகு தூரிகை எடுத்தவர், ஓவியப் பயிற்சி பெறாதவர், இரண்டாயிரத்துக்கும் மேல் வரைந்தவர். கவிதைக் கையெழுத்துப் பிரதியில் வேண்டாத சொற்களை அடிப்பார், அடித்த இடங்களை ஒன்றோடொன்று கோட்டால் இணைப்பார், அந்தக் கிறுக்கல் மெல்ல ஒரு அலகாகும், ஒரு வாலாகும், எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு பிராணியாகும். 1924-இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது அந்தப் பக்கங்களைப் பார்த்து வியந்த அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போதான் 1930-இல் பாரிஸில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சிக்கு வழி செய்தார். வாழ்நாள் முழுக்கப் பேனா பிடித்த கை, அதன் ஓட்டத்தை அப்படியே ஓவியத்துக்குக் கொண்டுபோனது. அவரைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம், சொல்லிக்கொள்ளும்படி வறுமைக் கதை இல்லாததுதானோ என்று தோன்றுகிறது.

ஜங்கட் சிங் ஷ்யாமை, அதாவது மத்தியப் பிரதேசத்துப் பட்டன்கட் கிராமத்தின் கோண்டுப் பழங்குடி ஓவியரை, ஜப்பானில் 2001-இல் நேர்ந்த அவருடைய மரணத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் படித்த மற்ற கட்டுரைகள் பலவும் அப்படியே. மண் சுவரில் வரைந்துகொண்டிருந்த இளைஞரை ஓவியர் ஜே. சுவாமிநாதனின் குழுவினர் கண்டுகொண்டு போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தார்கள். அங்கே தாளும் சுவரொட்டி வண்ணமும் கைக்குக் கிடைத்ததும் புள்ளிகளும் சிறு கோடுகளும் சேர்ந்து கலைமான் கொம்பு மரமாகிற அந்த முறை பிறந்தது. இன்று கோண்டு ஓவியம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அவர் போட்ட பாதை. 1989-இல் பாரிஸின் பொம்பிடூ மையத்தில் உலகக் கலைஞர்களின் படைப்புகளோடு அவருடைய ஓவியங்களும் வைக்கப்பட்டன. ஒரு மனிதர் எப்படிச் செத்தார் என்பது அவர் வாழ்ந்து செய்ததை விட முக்கியமா? எனக்கு இதில் கோபமே வருகிறது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் தையல் பழக வரும் ஒரு பெண் நன்றாக வரைவாள். நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் கொம்பு முளைத்த பறவைகள். உங்கள் கட்டுரையை அவள்தான் எனக்குக் கொண்டு வந்து காட்டினாள். படித்து முடித்ததும், "எனக்கெல்லாம் இப்படி வராதுக்கா. எனக்குக் கனவே வராது, பெருசா கஷ்டமும் படல" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னாள். அந்தக் கட்டுரையைப் படித்த எத்தனை பிள்ளைகள் இதே முடிவுக்கு வந்திருப்பார்கள்? வரம் என்று சொல்லிவிட்டால் வரம் வாங்காதவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. வேலை என்று சொன்னால் நாளைக்கே தொடங்கலாம்.

அவளுக்கு நான் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் கற்பனை மிருகம் வரைவதில் கற்பனை பாதி வேலைகூட இல்லை. குதிரைக்கு இறக்கை ஒட்டுவது சுலபம். அந்த இறக்கை எங்கிருந்து முளைக்கிறது? முன்னங்காலின் தோள்பட்டை ஏற்கெனவே அங்கே இருக்கிறதே, இன்னொரு மூட்டுக்கு இடம் எங்கே? இறக்கையின் கனத்தைத் தாங்க நெஞ்சு அகலமாக வேண்டாமா? நெஞ்சு அகன்றால் முன்கால்கள் எவ்வளவு விலக வேண்டும்? இதற்கெல்லாம் பதில் கண்டுபிடித்த பிறகுதான் அது பறக்கும் என்று கண் நம்புகிறது. யாளியைச் செதுக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிங்க உடம்பில் துதிக்கை வந்து சேரும் இடத்தில் எங்கே ஒன்று முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால்தான் இல்லாத மிருகத்தை வரைகிறவர் இருக்கிற மிருகங்களை மற்றவர்களை விட அதிகமாகப் பார்த்து வரைய வேண்டியிருக்கிறது. நான் ஆட்டின் காலையும் கோழியின் காலையும் நாயின் காலையும் பார்த்துப் பார்த்து வரைந்த தாள்கள் ஒரு மூட்டை இருக்கும். அவற்றை யாரும் சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை. ஆனால் என் மிருகங்கள் நடப்பது அந்தக் கால்களால்தான்.

அப்புறம் நிறம். மாய உலகம் என்றாலே இருக்கிற நிறத்தையெல்லாம் கொட்டுவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எல்லா நிறமும் ஒரே சத்தத்தில் கத்தினால் எதுவும் கேட்காது. இதைத் துணியும் நூலும் எனக்குக் கற்றுக்கொடுத்தன. ஒரே சிவப்பு நூல் பச்சைத் துணியில் எரியும், ஆரஞ்சுத் துணியில் அடங்கிவிடும். நூல் மாறவில்லை, பக்கத்து நிறம் மாறியிருக்கிறது. இதை முறையாக ஆராய்ந்தவரும் துணித் தொழிலோடு இருந்தவர்தான். பாரிஸில் 'கோபலின்' என்ற பெயருடைய நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தபோது அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார், பின்னால் வந்த ஓவியர்கள் பலர் அதிலிருந்து கற்றார்கள். மரியா அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எம்பிராய்டரி நூல்கண்டுகளை அடுக்கிப் பார்க்கிற எவருக்கும் கண் அதைச் சொல்லிவிடும்.

இங்கேதான் நீங்கள் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வருகிறேன். அது எனக்குத் தெரிந்த, மரியா வரைந்த படம்தான். பச்சைப் பின்னணியில் சிவந்த உடம்புள்ள மிருகம். நிறத்தில் பார்த்தால் மிருகம் தாளை விட்டு வெளியே குதிக்கும். ஆனால் அந்தப் பச்சைக்கும் அந்தச் சிவப்புக்கும் வெளிச்ச அளவு ஏறத்தாழ ஒன்றுதான். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். உங்கள் பக்கத்தில் நடந்தது அதுதான். மிருகம் பின்னணிக்குள் மூழ்கிப்போய் இரண்டு கண்ணும் சில புள்ளிகளும் மட்டும் மிஞ்சின. முதல்முறையாக அவரைப் பார்க்கிற வாசகர் 'இதற்கா பாரிஸில் பதக்கம்' என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நிழலும் வெளிச்சமும் வைத்து வரைகிற ஓவியர் கறுப்பு வெள்ளையில் ஓரளவு தப்பிப்பார். நிறத்தையே எலும்பாக வைத்து வரைகிறவர் தப்பிக்க மாட்டார். அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் முழு வண்ணத்தில் இருந்தது. வண்ணப் பக்கத்தின் செலவு எனக்கும் புரிகிறது. ஆனாலும் இந்த ஓவியர்களுக்கு அது அலங்காரம் இல்லை, அடிப்படைத் தேவை.

'குழந்தை மனம்' என்று கட்டுரையில் பல இடங்களில் வருகிறது. பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் அந்தப் பாராட்டு எங்களுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று சொல்கிறேன். ஒரு கண்காட்சியில் என் படங்களை வாங்கி, சிறுவர் பிரிவில் கொண்டுபோய் மாட்டினார்கள். கேட்டதற்கு, அங்கேதான் பொருந்தும் என்றார்கள். குழந்தைகள் வரைவது எனக்கு உயிர், அதில் எனக்கு ஒரு இழுக்கும் இல்லை. ஆனால் பாயாவை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் 'அநாதைச் சிறுமி' என்று எழுதிய அதே அல்ஜீரிய ஓவியர். 1947-இல், பதினாறு வயதை எட்டும் பருவத்தில், பாரிஸில் மேக்ட் ஓவியக்கூடத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். கட்டுரை அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர் 1998 வரை வாழ்ந்தார். 1953-இல் திருமணமான பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வரையவில்லை. 1960களில் மறுபடி குவாஷை எடுத்து அதன்பின் விடவேயில்லை. பெண்கள், பறவைகள், மீன்கள், இசைக்கருவிகள் என்று ஒரே உலகத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் அதை நெருக்கமாக்கிக்கொண்டே இருந்தார். பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு தன் மிருகங்களிடம் திரும்பி வந்த ஒரு பெண்ணின் கதைதான் எனக்கு வேண்டியிருந்தது. உங்கள் பக்கத்தில் அவர் என்றைக்கும் பதினாறு வயதாகவே நிற்கிறார்.

நான் துயரத்தை எழுதவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2022 பிப்ரவரியில், உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கிய சில நாட்களிலேயே, இவான்கிவ் ஊரில் மரியாவின் ஓவியங்கள் இருந்த அருங்காட்சியகம் எரிந்தது. ஊர்க்காரர்கள் தீக்குள் போய்ச் சில ஓவியங்களை எடுத்துக் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் ஓவியங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால்தானே, அவற்றுக்காக ஒருவர் தீக்குள் ஏன் போவார் என்பதும் புரியும்?

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது படத்தை வண்ணத்தில், உள்ளங்கை அகலத்துக்காவது போடுங்கள். கீழே ஓவியரின் பெயரோடு எந்த ஆண்டு, தாளா துணியா மரமா, என்ன வண்ணம், அசல் எவ்வளவு பெரியது, இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். உயிரோடு இருக்கும் ஓவியரிடம் பேட்டி எடுக்கப் போகும் நிருபர், 'எப்போது கனவு வந்தது' என்பதற்கு முன்னால் 'முதலில் எந்த நிறத்தைப் பூசுவீர்கள்' என்று கேட்கட்டும். அவர் பயன்படுத்திய தூரிகையையும், வீணான தாள்களையும் காட்டச் சொல்லட்டும். அந்தக் கேள்விக்காக எவ்வளவோ நாளாகக் காத்திருப்பவர்கள் நாங்கள், மணிக்கணக்கில் பேசுவோம்.

மரியாவை மறுபடி எழுதுவீர்கள் என்றே நம்புகிறேன். அப்போது ஒரு சின்ன விஷயத்தையும் கவனியுங்கள். அவர் பல ஓவியங்களின் பின்பக்கத்தில் தன் கையால் தலைப்பையும் சில வரிகளையும் எழுதி வைப்பார். அணு ஆயுதப் போரைச் சபிக்கிற 1978-ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பே ஒரு சாபம்தான். சமாதானம் கேட்டு இறக்கை விரித்த புறாவை வரைந்த 1982-ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பும் முழு வாக்கியம். உங்கள் பக்கத்தில் 'ஒரு மாய மிருகம்' என்று பொதுவாகப் போட்டிருந்தீர்கள். அவர் வைத்த பெயரைத் தேடி எடுத்து, அப்படியே தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் உங்கள் வாசகி